வேகும் நேரமும் விளைச்சலே: இருக்கன்குடிப் பிரகடனம்

வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேருகிற இருக்கன்குடியில், மாரியம்மனுக்கு ஆடிப் பொங்கல் வைக்க ஊர் ஊராக ஜனம் வந்து இறங்கும் நாட்களில், நாங்கள் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்களில் சம்சாரிகள் என்று இந்தப் பக்கம் சொல்கிற விவசாயிகள் இருக்கிறார்கள். ஃபயர் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் வேலைக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்குகிறவர்கள், நாட்டு விதை சேர்த்து வைத்திருக்கிறவர்கள், வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து கேட்பது ஒன்றைத்தான். ஒரு பயிர் ரகத்தை நல்ல ரகம் என்று சொல்லி வெளியிடும் முன்பு, அது அடுப்பில் எவ்வளவு நேரத்தில் வேகிறது என்று அளந்து சொல்லுங்கள். சீக்கிரம் வேகும் ரகங்களைத் தேடி எடுத்து, எங்கள் மானாவாரிக் கரிசலுக்கு ஏற்றபடி வளர்த்துக் கொடுங்கள்.

இதை ஏன் இந்த ஊரில் இருந்து கேட்கிறோம் என்பதற்குக் காரணம் உண்டு.

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண்ணின் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பில் தொடங்குகிறது. பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் கம்பெனி வண்டி ஊர் முக்கில் வந்து நிற்கும். அதற்குள் சோறு வடித்து, குழம்பு கூட்டி, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்து, தனக்குத் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு ஓட வேண்டும். சோறு ஆகிவிடும், காயும் ஆகிவிடும். பருப்புதான் ஆகாது. போர் தண்ணீரில் போட்ட துவரம் பருப்பு அரை மணி நேரம் கொதித்த பிறகும் கரண்டியால் அழுத்தினால் உள்ளே வெள்ளையாக ஒரு குருத்து தெரியும். நசுங்கும், ஆனால் மசியாது. ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடுவாள், மஞ்சள் தூள் போடுவாள், இன்னும் இரண்டு சுள்ளி தள்ளுவாள். வண்டிக்காரன் ஆரன் அடிக்கும்போது பருப்பை அப்படியே அடுப்பில் விட்டுவிட்டுப் புளித்தண்ணீரைக் கரைத்து ரசம் என்று ஊற்றிக்கொண்டு போய்விடுவாள். மறுநாள் பருப்பே போடமாட்டாள்.

பசி இங்கே இப்படித்தான் நுழைகிறது. சோற்றுக்குக் குறைவில்லை. 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2007 முதல் துவரம் பருப்பும் மானிய விலையில் ரேஷன் கடைக்கு வந்தது. வயிறு நிறைய ஏற்பாடு இருக்கிறது. ஆனால் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்த சோகை. இதற்குக் காரணங்கள் பல. அதில் ஒன்று அடுப்பில் இருக்கிறது என்று நாங்கள் உறுதியாகச் சொல்கிறோம். விறகு குறைந்தாலும், சிலிண்டர் தீர்ந்தாலும், நேரம் போதாமல் போனாலும் சட்டியில் இருந்து முதலில் காணாமல் போவது பயறுதான். காணம் என்கிற கொள்ளும் மொச்சையும் தட்டப்பயறும் ஏழை வீட்டுக் கறி என்று பேர். அவற்றை வேக வைக்கும் செலவைச் சேர்த்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று எங்கள் அம்மாமார்கள் சொன்னது முழுக்க உண்மை. விஞ்ஞானமும் அதையே சொல்கிறது. அவர்கள் உப்புத் தண்ணீர் என்பது கடின நீர். அதில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் பயற்றின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் பசையோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. அதனால் கொதித்தாலும் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாது. இன்னொன்றும் உண்டு. தை, மாசியில் அறுத்த பயற்றைச் சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் மூட்டை போட்டு வைத்தால், சூட்டிலும் புழுக்கத்திலும் விதைக்குள் இருக்கும் ஃபைட்டேட் சிதைகிறது. அது பிடித்து வைத்திருந்த கால்சியமும் மக்னீசியமும் வெளியே வந்து உள்ளிருந்தே பயற்றைக் கல்லாக்குகின்றன. புதுப் பயறு இருபது நிமிடத்தில் வெந்தது, பழைய பயறு ஒரு மணி நேரமானாலும் வேகவில்லை என்று வீட்டில் புலம்புவது இதனால்தான். தண்ணீரை நம்மால் உடனே மாற்ற முடியாது. வெயிலை மாற்றவே முடியாது. ஆனால் எல்லா ரகமும் ஒரே மாதிரி கல்லாவதில்லை. சில ரகங்கள் இறுகுகின்றன, சில தாக்குப்பிடிக்கின்றன. அந்த வித்தியாசம் விதையின் வம்சத்திலேயே இருக்கிறது. வம்சத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுக்க முடியும். இந்த இயக்கம் நிற்பது அந்த அடிப்படையில்.

விறகைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் கண்மாய்க் கரையிலும் தரிசிலும் சீமைக் கருவேலம் இருக்கிறவரை விறகுக்குப் பஞ்சமில்லை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அந்த முள்ளை வெட்டி, கட்டி, தலையில் சுமந்து வந்து, காய வைத்து எரிப்பது யார்? கையில் ஏறிய முள் வாரக்கணக்கில் சீழ் வைத்துக் கடுப்பது யாருக்கு? மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து போவது யாருக்கு? வீட்டுக்குள் புகையும் அடுப்பால் 2020-ல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் அகால மரணமடைந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. எரிவாயு இணைப்பு வந்தது, அதை நாங்கள் வரவேற்கிறோம். 2007-ல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. 2016-ல் ஒன்றிய அரசின் உஜ்வாலா எரிவாயு இணைப்புத் திட்டம் வந்தது. ஆனால் இணைப்பு இருக்கிற வீடுகள் பலவற்றில் இன்றும் இரண்டு அடுப்பு எரிகிறது. காபியும் தாளிப்பும் கேஸில், பயறும் வெந்நீரும் விறகில். நேரம் பிடிக்கிற சமையலுக்குக் கேஸைச் செலவழிக்க மனம் வராது. வாரக் கூலியில் 14.2 கிலோ சிலிண்டரை மாற்றுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

குக்கர் இருக்கிறதே, பிறகு எதற்கு இந்தப் பேச்சு என்று எங்களிடம் கேட்டவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். குக்கர் நேரத்தைக் குறைக்கிறது. ஆனால் கல்லான பயற்றுக்கும் மென்மையான பயற்றுக்கும் உள்ள தூரம் குக்கருக்குள்ளும் இருக்கிறது. மூன்று விசிலில் வேகிறதும் எட்டு விசிலில் வேகிறதும் ஒன்றாகுமா? கல்யாண வீட்டு அண்டாவுக்குக் குக்கர் கிடையாது. ஒரு வீட்டில் வாரம் நான்கு நாள் பயறு வேக வைத்து, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் மிச்சமானால் வருடத்துக்கு ஏறத்தாழ எழுபது மணி நேரம். அந்த எழுபது மணி நேரத்து விறகும் புகையும் தூக்கமும் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது விதைக்கு வருவோம். சான்று பெற்ற உளுந்து விதை மூட்டை வாங்கினால் அதில் ஒரு நீல அட்டை தொங்கும். ரகத்தின் பெயர் இருக்கும், குவியல் எண் இருக்கும். முளைப்புத்திறன் குறைந்தது 75 சதவீதம், புறத்தூய்மை 98 சதவீதம், இனத்தூய்மை, ஈரப்பதம், பரிசோதித்த நாள், காலாவதி நாள் எல்லாம் எழுதியிருக்கும். ரகத்தைப் பற்றிய துண்டறிக்கையில் வயது எத்தனை நாள், ஏக்கருக்கு எத்தனை கிலோ, மஞ்சள் தேமல் நோயைத் தாங்குமா என்று இருக்கும். இவையெல்லாம் வேண்டும், ஒன்றையும் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த அட்டையைப் படிக்கிற சம்சாரியின் பெண்டாட்டிக்கு அதில் ஒரு வரி கூட இல்லை. அவள்தான் அந்தப் பயற்றை வருடம் முழுக்க ஆக்கப்போகிறாள். அட்டையில் ஒரு வரி சேருங்கள்: வேகும் நேரம், இத்தனை நிமிடம். அதுவும் இரண்டு கணக்கு வேண்டும். அறுத்த புதிதில் எவ்வளவு, ஆறு மாதம் நம்மூர்ச் சூட்டில் வைத்த பிறகு எவ்வளவு. காய்ச்சி வடித்த தண்ணீரில் மட்டும் அளந்தால் போதாது, எங்கள் ஊர் உப்புத் தண்ணீரிலும் அளக்க வேண்டும்.

அளப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. 1946-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி மேட்சன் பட்டாணிக்காக ஒரு எளிய கருவி செய்தார். இப்போது புழக்கத்தில் இருக்கிற வடிவில் ஒரு தட்டில் 25 குழி. குழிக்கு ஒரு பயறாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரே எடையுள்ள ஒரு கம்பியை நிறுத்தி, தட்டோடு கொதிநீரில் இறக்குகிறார்கள். பயறு மென்மையாகும்போது கம்பி அதைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும். 25-ல் 20 கம்பி இறங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டால் அந்தப் பயற்றின் வேகும் நேரம் கிடைத்துவிடும். உலகத்தின் பெரிய ஆய்வகங்களும் இன்றுவரை இதைத்தான் பயன்படுத்துகின்றன. பேனா நிப்பு செய்து பேர் வாங்கிய ஊர் சாத்தூர். இங்கே எந்த லேத் பட்டறையில் கேட்டாலும் இந்தக் கருவியைக் கடைந்து கொடுப்பார்கள்.

இந்தக் கருவியை வைத்து அமெரிக்காவின் மிச்சிகனில் கேரன் சிச்சி என்ற மரபியலாளரின் குழு, ஆண்டீஸ் மலைப் பகுதி வம்சத்தைச் சேர்ந்த 206 பீன்ஸ் வகைகளை அளந்தது. 2015-ல் வெளியான அந்த ஆய்வில் ஒரே பயிருக்குள் எவ்வளவு தூரம் என்று தெரிந்தது. ஊற வைத்த பிறகு சில வகைகள் இருபது நிமிடத்துக்குள் வெந்தன, சில ஒரு மணி நேரத்தைத் தாண்டின. அடுத்து வந்த ஆய்வுகளில் எங்களுக்கு இன்னும் முக்கியமான ஒன்று தெரியவந்தது. சீக்கிரம் வேகும் பீன்ஸில் புரதமும் தாதுக்களும் அதிகம் தங்குகின்றன, அதன் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேர்கிறது. நெடுநேரம் கொதிப்பதில் போகிறது விறகு மட்டுமில்லை. கென்யாவில் வெளியான நியோட்டா என்ற பீன்ஸ் ரகம், சீக்கிரம் வேகும், இரும்புச்சத்து கூடுதல் என்று சொல்லியே விதைக்கப்பட்டு சம்சாரிகளிடம் போய்ச் சேர்ந்தது.

நம் நாட்டிலேயே இதைவிட ஒரு படி மேலே போன நெல் இருக்கிறது. அசாமின் போகா சாவல். அமைலோஸ் மிகக் குறைந்த அந்த அரிசியைப் பச்சைத் தண்ணீரில் ஒரு மணி நேரம்போல ஊற வைத்தால் போதும், அடுப்பே வேண்டாம், சோறாகிவிடும். அங்கே வயலுக்குப் போகிறவர்கள் அதைத் தயிரும் வெல்லமும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். 2018-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே குடும்பத்து அகோனிபோரா ரகத்தை அசாமின் தித்தாபர் நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. அசாமின் ஈரத்திலும் குளிரிலும் விளைவதைக் கரிசல் காட்டில் நடுவோம் என்று நாங்கள் சொல்லவில்லை. அடுப்பு நேரத்தை விதையிலேயே குறைக்கலாம் என்பதற்கு அதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

நெல் விஞ்ஞானிகள் சோற்றுப் பானையின் பேச்சைக் கேட்டவர்கள்தான். 1966-ல் வந்த ஐ.ஆர்.8 நெல் குதிர் நிறைய விளைந்தது, பஞ்சத்தைத் தடுத்தது. ஆனால் சோறு ஆறினால் விறைத்துப்போகும் என்று ஆக்கியவர்கள் எல்லோரும் குறை சொன்னார்கள். அந்தக் குறையைக் கேட்டுப் பல வருடம் பாடுபட்டு 1985-ல் ஐ.ஆர்.64 வந்தது. விளைச்சலோடு சோறும் மென்மையாக இருந்ததால் அது ஆசியா முழுக்கப் பரவியது. நெல்லுக்குக் கிடைத்த அந்தச் செவி, பயற்றுக்கும் சிறுதானியத்துக்கும் வேண்டும்.

எங்கள் கண்முன்னே கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1901-ல் தொடங்கியது, மானாவாரிக்கென்றே உழைக்கிற இடம். கரிசல் சோளத்துக்கும் கம்புக்கும் பருத்திக்கும் அது செய்தது கொஞ்சமில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புதுக்கோட்டை வம்பனில் பயறு வகைகளுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 65 நாளிலிருந்து 75 நாளுக்குள் அறுக்கிற, தேமல் தாங்குகிற உளுந்து எங்களுக்குக் கிடைத்தது இவர்களால். அங்கே வேலை பார்க்கிறவர்கள் எங்கள் அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள். அவர்களிடம் நாங்கள் உரிமையோடு கேட்கிறோம். ரகம் தேர்ந்தெடுக்கிற பட்டியலில் வேகும் நேரத்துக்கு மார்க் போடுங்கள். கடைசித் தேர்வுக்கு நிற்கிற நான்கைந்து வகைகளை எங்கள் ஊர்ப் பெண்களிடம் கொடுத்து ஆக்கச் சொல்லுங்கள். வயலில் ஜெயித்த ரகம் சட்டியில் தோற்றால் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்ச் சரி செய்யுங்கள்.

குதிரைவாலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது இந்தக் கரிசல் காட்டின் சொத்து. மழை தவறினாலும் ஏதோ வீட்டுக்கு வரும். குத்திய அரிசி பத்து நிமிடம்போலக் கொதித்தால் சோறாகிவிடும், நெல்லரிசியைவிடச் சீக்கிரம். மதுரை வேளாண் கல்லூரி 2018-ல் வெளியிட்ட எம்.டி.யு. 1 போன்ற ரகங்களும் வந்திருக்கின்றன. அப்படியானால் ஏன் எல்லா வீட்டிலும் குதிரைவாலிச் சோறு இல்லை? ஏன் குதிரைவாலிப் புஞ்சையெல்லாம் கோழித் தீவனத்துக்குப் போகிற மக்காச்சோளமாகிவிட்டது? மக்காச்சோளத்துக்கு விலை கிடைக்கிறது என்பது ஒரு காரணம். தொலி இன்னொரு காரணம். குதிரைவாலியின் தொலி அரிசியோடு கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். உரலில் போட்டு மாறி மாறிக் குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும். அடுப்பில் மிச்சமாகிற நேரமெல்லாம் உரலில் போய்விடும். விளைவிக்கிறவர்கள் மூட்டையோடு விற்றுவிடுகிறார்கள், பட்டணத்துக்காரர்கள் பாக்கெட்டில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். ஆகவே எங்கள் கணக்கில் வேகும் நேரம் என்பது உரலில் தொடங்குகிறது. தொலி எளிதாகக் கழலும் ரகங்களைத் தேடுங்கள். அதுவரை நான்கைந்து ஊருக்கு ஒரு தோலுரிக்கும் மில், ஊர்ப் பெண்கள் குழுவின் கையில், கூலிக்கு அரைத்துக் கொடுக்கிற மில்லாக வேண்டும்.

மழை பொய்த்த மண்ணில் பிழைப்பு தேடித்தான் இந்தப் பக்கத்து ஜனங்கள் தீப்பெட்டிக்கும் வெடிக்கும் போனார்கள். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து சிவகாசியில் தொடங்கியபோது, வேலைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. புஞ்சை காய்ந்து கிடந்தது. பகலெல்லாம் மருந்தோடு வேலை, காலையும் இரவும் அடுப்போடு வேலை என்று இரண்டு தீக்கு நடுவே எங்கள் பெண்களின் ஆயுள் கழிகிறது. ஃபயர் ஆபீஸில் பாதுகாப்பு கேட்டுப் போராடுகிறவர்களோடு நாங்கள் நிற்கிறோம். வீட்டுத் தீயைக் குறைக்கிற வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

பள்ளிக்கூடத்து அடுப்பும் எங்கள் கணக்கில் உண்டு. 1957-லும் 1962-லும் காமராசரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது இந்தச் சாத்தூர்த் தொகுதி. அவர் முதலமைச்சராக இருந்தபோது 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982-ல் அது சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. கிராமத்தில் காலை உணவு ஆக்குகிறவர்கள் மகளிர் குழுப் பெண்கள். தன் வீட்டில் ஒரு முறை, பள்ளியில் ஒரு முறை என்று விடியும் முன்பே இரண்டு சாம்பார். பிள்ளைகளுக்குக் கொண்டைக்கடலை கொடுக்க வேண்டிய நாளில், இரவே ஊற வைத்தும் வேகாத கடலையை வடிகட்டி வைத்துவிட்டு அழுத ஆயாக்களை எங்களுக்குத் தெரியும். சத்துணவுக்கு வாங்கும் பயறுக்கு விலையும் ஈரப்பதமும் பார்க்கிறார்கள். வேகும் நேரமும் பார்க்கட்டும். அரசு ஒரு வருடம் அப்படி வாங்கினால், சீக்கிரம் வேகும் பயறுக்குச் சந்தை தானாக வந்துவிடும், சம்சாரியும் அதையே விதைப்பான்.

விதை யாருடையது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. 2001-ல் இயற்றப்பட்ட பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும், கம்பெனிப் பெயர் போடாமல் விற்கவும் சம்சாரிக்கு உரிமை தந்திருக்கிறது. உழவர் ரகத்தைப் பதிவு செய்யவும் அதில் வழி இருக்கிறது. எங்கள் ஊர்களில் பாட்டிமார் அடுக்குப் பானையில் சாம்பலும் வேப்பிலையும் போட்டு வைத்திருக்கும் தட்டப்பயறும் காணமும் மொச்சையும் இன்னும் இருக்கின்றன. இது சீக்கிரம் வேகும், அது மாவாக இருக்கும் என்று அவர்களுக்கு வகை தெரியும். அந்த அறிவை எழுதி, அளந்து, அந்த ஊரின் பேரிலேயே பதிவு செய்வோம். அதிலிருந்து பிறக்கிற புது ரகத்தை யாரும் பூட்டி வைக்க விடமாட்டோம். வருடா வருடம் காசு கொடுத்தால்தான் முளைக்கும் என்கிற விதை, எவ்வளவு சீக்கிரம் வெந்தாலும் எங்களுக்கு வேண்டாம்.

வேலை இப்படித் தொடங்குகிறது. புரட்டாசி விதைப்புக்கு முன்பு, வைப்பாற்றுப் படுகையில் கைக்கு எட்டுகிற ஊர்களில் பயறு சேகரிப்போம். தை, மாசி அறுப்பு முடிந்ததும் ஒரு முறை, அடுத்த ஆடியில் பயறு பழசான பிறகு ஒரு முறை, இருக்கன்குடியில் பொதுவில் வைத்து வேக வைத்து அளப்போம். முடிவுகளை ஊராட்சிப் பலகையில் ஒட்டுவோம். ஒரு நகல் கோவில்பட்டிக்கும் ஒரு நகல் வம்பனுக்கும் போகும். அளப்பது பெண்கள், எழுதுவது பிள்ளைகள். எந்தப் பயறும் கம்பெனிப் பேருக்காகவோ ஜாதிக்காரர் கொடுத்தார் என்பதற்காகவோ பட்டியலில் மேலே ஏறாது.

வருகிறவர்கள் ஆளுக்கு ஓர் உழக்குப் பயறு கொண்டு வாருங்கள். எந்த ஊர், எந்தப் புஞ்சை, எந்த மாதம் அறுத்தது, எதில் போட்டு வைத்திருந்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிப் பைக்குள் போடுங்கள். வீட்டில் எத்தனை விசில் விடுவீர்கள் என்பதையும் எழுதுங்கள். கூடவே உங்கள் தெருப் போர் தண்ணீரில் ஒரு குடம். காய்ந்த சுள்ளி நாங்கள் வைத்திருக்கிறோம்.